ஆற்றோரத்தாள் என்கிற பெயர்

ஆம்பூர்
8-1-2024

மாதா துணை

'கரைமேடு' மாத இதழில் ஆற்றோரத்தாள் என்ற பெயரில் எழுதுகிறவருக்கு,

உங்களை அந்தப் பெயரால் கூப்பிடக் கை கூசுகிறது. உங்கள் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் பத்திரிகை ஆசிரியர் கைக்குப் போய்த்தான் உங்களிடம் வரும். கவரை நன்றாக ஒட்டி, வாய்மேல் இன்னொரு காகிதமும் ஒட்டியிருக்கிறேன். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தவள். மீதியெல்லாம் வேதாகமமும், கோயில் வாசலில் விற்கிற புத்தகங்களும், பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டி வந்த காகிதங்களும் கற்றுக்கொடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து நோட்டு எழுதுகிறேன். என்ன வாங்கினோம், யார் வந்தார்கள், எந்தப் பூசைக்குப் போனோம் எல்லாம் அன்றன்றைக்கே எழுதிவிடுவேன். உங்கள் ஐந்து கட்டுரைகளையும் அந்த நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று நாள் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

முதல் கட்டுரையில் வீட்டில் அப்பர் தைத்ததை எழுதியிருக்கிறீர்கள். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். இரண்டு ஊசியும் மெழுகு நூலுமாக நாம் கையால் தைத்துக் கொடுப்போம். நூலை இழுத்து இழுத்து சுண்டுவிரல் அறுபடும். தெருவில் எல்லாரும் துணி சுற்றிக்கொள்வோம். நீங்கள் என்ன எழுதினீர்கள்? 'அண்ணன் தன் கடையில் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டித் தருவான், அதை விரலில் மாட்டிக்கொள்வேன்.' எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தது அஹமது பாஷா அண்ணன் ஒருவர்தான். அவருக்குத் தங்கையும் ஒருத்திதான்.

ஜஹீதா, நீதானே?

இடது கால் எல்லாவற்றையும் தைத்து அடுக்கிவிட்டுத்தான் வலது காலைத் தொடுவேன் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து அப்படித் தைத்தவள் வேறு யார்? மூன்றாவது கட்டுரையில் 'தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்று அழுதேன்' என்கிறாய். என்ன மதம் என்று ஐந்து கட்டுரையிலும் ஒரு வார்த்தை கிடையாது. தலையில் துணி போட்டு முழங்காலில் நின்றால் தொழுகை என்று எனக்குத் தெரியாதா?

ஐந்தாவதைப் படித்துவிட்டு அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. பத்தொன்பது வயதில், ஒரு கம்பெனி சூப்பர்வைசரை நம்பி, வயிற்றில் வந்ததை வேலூரில் போய்க் கலைத்ததாக எழுதியிருக்கிறாய். ஒரு தோழி மட்டும் கூட வந்தாள், பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் பார்த்துவிட்டார் என்கிறாய். அந்தத் தோழி யார் என்று எனக்குத் தெரியும். என் தங்கை ஷர்மிளா. அரக்கோணத்தில் பெரியம்மா வீட்டுக்கு என்று நான் அனுப்பியவள் உன்னோடு வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பதை என் வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி பார்த்துவந்து சொன்னார். நீ அவளை சினிமாவுக்கு இழுத்துப் போனாய் என்று நினைத்து, உன்னைத் தெருவில் நிறுத்தி என்னவெல்லாம் பேசினேன். 'எந்தங்கச்சியக் கெடுக்கப் பாக்கறியா' என்றேன். நீ வாயே திறக்கவில்லை. அன்றோடு நம் பேச்சு நின்றது. இருபத்தெட்டு வருஷம்.

இப்போது விளங்குகிறது. அவளை நீ கெடுக்கவில்லை. உன் துன்பத்துக்கு அவளைத் துணைக்கு அழைத்துப் போயிருக்கிறாய். அப்போது உனக்கு இருபத்தொன்று இருக்கும். கட்டுரையில் இரண்டு குறைத்துவிட்டாய். பரவாயில்லை, பெண்கள் எல்லாரும் செய்வதுதான்.

நீ வாணியம்பாடியில் இருப்பதாகவும், மகள் ஹுமேராவுக்கு சம்பந்தம் பேசியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஒரு வார்த்தை எழுது. வந்து உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சவுரியம்மாள்


'கரைமேடு' அலுவலகம் வழியாக
29-1-2024

மதிப்பிற்குரிய சவுரியம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இத்தனை கவனமாக வாசிக்கப்படுவோம் என்று எழுதுகிற யாரும் எதிர்பார்ப்பதில்லை. மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றாக வந்தன. கையெழுத்து வேண்டாம் என்று இதைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். தவறாக எண்ண வேண்டாம்.

நீங்கள் நினைக்கிற பெண் நான்தான் என்று சொல்லமாட்டேன். இல்லை என்றும் சொல்லமாட்டேன். புனைபெயரில் எழுதுகிறவளுக்கு அந்தக் கொஞ்ச நிழல் தேவைப்படுகிறது. அதைத் தயவுசெய்து எனக்கு விட்டுவையுங்கள்.

நேரில் வர வேண்டாம். எழுதுங்கள், போதும். உங்கள் தங்கையிடம் இந்தக் கட்டுரைகளைப் பற்றிப் பேசினீர்களா? பேசவில்லை என்றால் பேசாமலே இருங்கள். அவரவர் வீட்டில் அவரவர் நிம்மதியாக இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த வருஷம் அந்தப் பெண் உங்களிடம் வந்து உண்மையைச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

ஆற்றோரத்தாள்


ஆம்பூர்
17-2-2024

அன்பு ஜஹீதா,

இல்லை என்று நீ சொல்லவில்லை. அது எனக்குப் போதும்.

நீ கேட்டதற்கு மறைக்காமல் சொல்கிறேன். அன்றைக்கு வந்து சொல்லியிருந்தால் துரத்தியிருப்பேன். ஒரு உயிரைக் கொல்வது எங்களுக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று உனக்கே தெரியும். இன்றைக்கு என்றால் கட்டிக்கொண்டு அழுவேன். வயதுதான் காரணம். என் தங்கையாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் எழாது. அவளை அப்படி வளர்க்கவில்லை. அவளிடம் நான் எதுவும் சொல்லவும் இல்லை. ஞாயிறு தவறாமல் திருப்பத்தூரிலிருந்து போன் செய்வாள். பள்ளிக்கூடத்துக் கதை, குழம்புக் கதை, அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

வர வேண்டாம் என்று எழுதினாய். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கிவிட்டது. சமாதானம் ஆகாமல், மனசில் பாவத்தோடு, பூசையில் எப்படி நன்மை அப்பம் வாங்குவது என்று மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை புறப்பட்டு வந்துவிட்டேன். வந்ததில் உனக்கு வருத்தம் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் நேரில் கேட்க முடியாததை எல்லாம், உன் வீட்டுக்கு எழுதாமல், பத்திரிகை வழியாகவே கேட்கிறேன்.

உன் சம்பந்தி வீட்டுப் பெண்கள் அன்றைக்கு வந்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நல்ல நேரத்தில் வந்தோம் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், அந்த அஃப்ஷா அம்மா, என்னை மேலும் கீழும் பார்த்து, "யார் இவங்க?" என்று கேட்டார்கள்.

"ஆம்பூர்ல பழைய பழக்கம்," என்றாய் நீ. அவ்வளவுதானா ஜஹீதா?

எனக்குப் பொறுக்கவில்லை. "பழக்கம் இன்னா பழக்கம்! ஒரே பாயில குந்திகினு ஆயிரம் ஜோடி தைச்சவங்க நாங்க. ஏம்மா, உங்க சம்பந்தி எவ்ளோ பெரிய எழுத்தாளர்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"எழுத்தாளரா? இவளா?" என்று அந்த அம்மா சிரித்தார்கள். "உப்பு ஜாஸ்தியா கம்மியான்னு கேட்டாகூட பதில் வராதே இவகிட்டேர்ந்து."

நீ என் கையைப் பிடித்து அழுத்தினாய். வெட்கம் என்று நினைத்தேன். முதல் கட்டுரையை எடுத்து, டியூப் வளையம் வருகிற இடத்தைப் படித்தேன். எல்லாரும் உன் விரலைப் பார்த்தார்கள். தழும்பு இன்னும் இல்லையா என்ன? பெருமையாக இருந்தது எனக்கு.

ஐந்தாவது இதழைத் தனியாக மடித்துப் பையின் அடியில்தான் வைத்திருந்தேன். அதை உன்னிடம் மட்டும் கொடுக்க நினைத்தேன். அந்தச் சின்னப் பெண், மாப்பிள்ளையின் அக்கா, சஹர், "கொடுங்க ஆன்ட்டி, எனக்குத் தமிழ் நல்லா வரும்," என்று பையோடு வாங்கிக்கொண்டாள். சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டாள். நிறுத்தினால் தப்பாகத் தெரியுமே என்று, "படிம்மா, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. கஷ்டம்தான் இருக்கு," என்றேன்.

கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு இதழைக் கீழே வைத்தாள். டீ கொதித்து வழிகிற வாசனை வந்தது. எடுத்து ஊற்றக்கூட யாரும் போகவில்லை. நானாகவே எழுந்து வந்துவிட்டேன். பத்திரிகைகள் அங்கேயே இருக்கின்றன.

வாசல் வரைக்கும் நீ வரவில்லை. அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

சவுரியக்கா


'கரைமேடு' அலுவலகம் வழியாக
26-2-2024

என்ன செய்துவிட்டீர்கள்!

நான் ஜஹீதா இல்லை. இல்லவே இல்லை. அவர் ஒரு வரி எழுதவில்லை. அவருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. உடனே போய் அந்த வீட்டில் சொல்லுங்கள். தவறாக நினைத்துவிட்டேன், வேறு யாரோ எழுதியது, தற்செயலாகப் பொருந்திவிட்டது என்று சொல்லுங்கள். நாளைக்கே போங்கள்.

வர வேண்டாம் என்று எழுதினேனே. ஏன் போனீர்கள்?


ஆம்பூர்
11-3-2024

ஆற்றோரத்தாளுக்கு,

நீங்கள் சொல்லும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஹுமேராவின் சம்பந்தம் நின்றுபோயிற்று. ஜஹீதாவின் வீட்டுக்காரர் நயீம் அகமது அவளை அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். ஐம்பது வயதில், ஒரு துணிப்பையோடு.

அஹமது பாஷா அண்ணன் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். போனேன். ஜஹீதா கதவை ஒரு சாண் திறந்தாள்.

"ஜஹீதா, நீதானே எழுதினே? சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"எனக்குத் தமிழ் எழுத வருமாக்கா?" என்றாள்.

நின்றுவிட்டேன்.

"உருது ஸ்கூல்ல படிச்சவ நான். அப்பர் கணக்கு நோட்டுல என் பேரை யாரு எழுதுவாங்க? நீங்கதானே எழுதுவீங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும். மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன். டியூப் வளையம் ஞாபகம் இருந்தது. இடது கால் வலது கால் ஞாபகம் இருந்தது. அவள் பெயரை என் கையால் எத்தனை வாரம் எழுதினேன் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லக் கூடாதா? அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். அஃப்ஷா இன்னா சொன்னாங்க தெரியுமா? எழுதத் தெரியாட்டி இன்னா, வாய் இருக்குதே, சொல்லி எழுத வெச்சிருப்பான்னாங்க. நீங்களே எழுதிக் குடுத்திருப்பீங்களாம். அதான் பெருமையா கொண்டாந்து காட்டினீங்களாம்."

"அப்போ யாருதான் எழுதினது? வேலூருக்குப் போனது யாரு?"

"போங்கக்கா," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

கோபமாகச் சாத்தவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. தெரியாதவள் 'தெரியாது' என்று சொல்லுவாள். இவள் 'போங்க' என்றாள்.

வீட்டுக்கு வந்து 1995 நோட்டை எடுத்தேன். ஜனவரியில் இதே நோட்டைப் பார்த்தவள்தான். அப்போது ஜஹீதா பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று மட்டும் தேடினேன். இந்தத் தடவை பெயர் தேடாமல் வரிசையாகப் படித்தேன்.

மே 12, வெள்ளி. ஷர்மிளா அரக்கோணம் போனாள்.

மே 23, செவ்வாய். ஷர்மிளா வந்துவிட்டாள். முகம் வெளுத்திருக்கிறது. ஆட்டு ஈரல் வாங்கினேன்.

மே 28, ஞாயிறு. பூசை. ஷர்மிளா நன்மை வாங்கவில்லை. வயிற்றுவலி என்றாள்.

ஜூன் 4. வாங்கவில்லை. ஜூன் 11. வாங்கவில்லை. ஜூன் 18. ஜூன் 25. ஜூலை 2. ஜூலை 9. ஏழு ஞாயிறு எழுதியிருக்கிறேன் ஷர்மிளா. என் கையெழுத்துதான். ஏழு ஞாயிறு என் தங்கை நன்மை வாங்காமல் கடைசி பெஞ்சில், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றிருக்கிறாள். நானும் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் தலையில் துணி போட்டு முழங்காலில் நிற்கிறேன். தொழுகை என்று எழுதினேன் பார்.

அந்த வருஷம் பத்தொன்பது வயது உனக்குத்தான்.

இரண்டு மாதமாக எனக்குக் கடிதம் எழுதியது நீ. மதிப்பிற்குரிய சவுரியம்மாள் என்று எழுதியது நீ. நேற்று ஞாயிறு. போன் செய்தாய். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன் என்றதும், "மணல் இருக்கும்க்கா, ரெண்டு தண்ணி அலசு," என்றாய்.

ஏண்டி ஜஹீதாவை எழுதினே?

அக்கா


திருப்பத்தூர்
20-3-2024

அக்கா,

இதைக் கையாலேயே எழுதுகிறேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

ஏன் ஜஹீதாவை எழுதினேன் என்று கேட்கிறாய். என் விரலில் நீ சுற்றிவிட்ட துணி, உன் கல்யாணத்துக்கு வந்த ஊதாப் புடவையில் கிழித்தது. அதை எழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே நீ என்னைப் பிடித்திருப்பாய். அதனால் அவள் விரலைப் போட்டேன். அவள் அண்ணனைப் போட்டேன். அவள் தைக்கிற முறையைப் போட்டேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அந்த வீட்டில் இந்தப் பத்திரிகை நுழையாது என்று தைரியம். பையில் கட்டி எடுத்துக்கொண்டு நீ போவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

ஜனவரியில் நீ அவள் பெயரை எழுதியபோதே ஒரு வரியில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உன்னிடம் ஒத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு எல்லாம் தெரியும். மாதம் தள்ளிப்போனதை நான் முதலில் சொன்னதே அவளிடம்தான். வளையல் வாங்க என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வேலூருக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் அக்கா என்று கையெழுத்துப் போட்டாள், உருதுவில். நர்ஸ் இது என்ன எழுத்து என்று கேட்டபோது பயத்திலும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என்னை அரக்கோணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். நீ தெருவில் நின்று அவளைத் திட்டியபோது நான் உள்ளே சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே சட்டியை. நீ முடிக்கும்வரை.

அப்போதும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போதும் கொடுக்கவில்லை.

ஆனால் நீயும் கேள். ஏழு ஞாயிறையும் நோட்டில் எழுதினாயே, ஒரு ஞாயிறாவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து "இன்னாடி ஆச்சு" என்று கேட்டாயா? உனக்கு எழுதிவைக்கத் தெரியும். கேட்கத் தெரியாது. அம்மா செத்த பிறகு நீதான் என்னை வளர்த்தாய். இல்லை என்று சொல்லவில்லை. உனக்குப் பயந்துதான் வளர்ந்தேன். என் தங்கையாக இருந்தால் அந்தக் கேள்வியே எழாது என்று போன மாதம் எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாததைத்தான் அந்தப் பெயரில் எழுதினேன். எழுதிய பிறகுதான் அக்கா, எனக்குத் தூக்கம் வந்தது.

பெயரைச் சொல்லி முன்னால் வா என்று நீ கேட்பாய். என்னால் முடியாது. என் வீட்டுக்காரர் ஜோசுவாவுக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் அடிக்கமாட்டார், திட்டமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார், சாகிறவரை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் கோயிலுடையது. மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்கள். மகள் சௌந்தர்யாவுக்கு இப்போதுதான் இடம் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.

ஆசிரியருக்கு எழுதுகிறேன். 'இக்கட்டுரைகள் பலருடைய அனுபவங்களின் தொகுப்பு' என்று அடுத்த இதழில் கட்டம் கட்டிப் போடச் சொல்கிறேன். அதை நீ கொண்டுபோய் அவர்களிடம் காட்டு. இதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்காதே.

ஷர்மிளா


ஆம்பூர்
9-4-2024

ஷர்மிளா,

உன் வீட்டு விலாசத்தைக் கவரில் எழுதிவிட்டேன். ஜோசுவா பிரித்துப் பார்க்கட்டும் என்றுதான் எழுதினேன். பிறகு அந்தக் கவரைக் கிழித்துவிட்டு, பத்திரிகை விலாசத்துக்கே அனுப்புகிறேன். ஏன் கிழித்தேன் என்று என்னைக் கேட்காதே.

ஹுமேராவும் ஒரு பெண்பிள்ளைதான். அவளுக்கும் இடம்தான் பார்த்தார்கள். உன் கடிதத்தில் அவள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. மூன்று தடவை தேடினேன்.

உன் கட்டத்துக்காக நான் காத்திருக்கவில்லை. பெரிய வியாழன் அன்று காலையில் அஹமது பாஷா அண்ணனையும் ஜஹீதாவையும் கூட்டிக்கொண்டு வாணியம்பாடி போனேன். அந்த அஃப்ஷா அம்மாவையும் சஹரையும் வரச் சொல்லி நயீம் அகமதிடம் முதல் நாளே கேட்டிருந்தேன். நோன்பு நேரம், சீக்கிரம் பேசி முடியுங்கள் என்றார்.

"அதை எழுதினது நான்," என்றேன்.

"இவ சொல்லி நீங்க எழுதினீங்க. அதைத்தானே நாங்களும் சொன்னோம்," என்றார்கள் அந்த அம்மா.

"இல்ல. எனக்கு நடந்தது. என் கதை."

"அப்போ அன்னிக்கு இவதான்னு சொன்னீங்களே?"

"பயந்துட்டேன். என்னைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு அவ மேல போட்டுட்டேன்."

அன்றைக்கு நான் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் பொய் இல்லை. ஆள்தான் வேறு, நீ.

சஹர் படித்த பெண். விடவில்லை. "அந்த சைக்கிள் டியூப்?" என்றாள்.

"பாஷா அண்ணன் எனக்கும் வெட்டிக் குடுப்பார்."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வாயில் எச்சில்கூட விழுங்காமல் நோன்பிருந்த மனுஷன். தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமா. குடுப்பேன்," என்றார். பிறகு சட்டென்று எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"எந்த வயசுல?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"பத்தொம்பது. கல்யாணத்துக்கு முன்னாடி."

எனக்கும் பத்தொன்பதில்தானே கல்யாணம் ஆயிற்று. நீ வருஷம் எழுதாதது வசதியாகப் போயிற்று. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஜஹீதாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் போனது அதற்குத்தான். சம்பந்தம் என்ன ஆகும் என்று தெரியாது. பெருநாள் கழித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஜஹீதா இப்போது தன் வீட்டில் இருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் எனக்கு நன்றி சொல்லியிருப்பாள் என்று நினைக்காதே. வாசலுக்கு வந்தாள், இந்தத் தடவை. "சவுரிக்கா, அவளுக்காக ஒருவாட்டி தெருவுல நின்னு திட்டு வாங்கினேன். இப்போ அவளுக்காகவே வீட்டுல மானம் போச்சு. நீங்க வந்து பேசிட்டீங்க, சரி. எனக்கு நல்லது செஞ்சுட்டோம்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. ரெண்டு பேரும் இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஆம்பூருக்கு நான் வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது. உன் மாமா தோல் மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். முப்பத்துமூன்று வருஷத்தில் மதியம் அவர் வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"எத்தினி மாசம்?" என்று கேட்டார்.

"இன்னா எத்தினி மாசம்?"

"நம்ம கல்யாணத்துக்கு எத்தினி மாசம் முன்னாடி?"

வாயில் வந்ததைச் சொன்னேன். ஆறு என்றேன். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சாப்பிடுகிறார். ராத்திரி வந்து முன்ரூமில் படுக்கிறார். உன்னை இந்த வீட்டில் வைத்து வளர்க்க ஒரு நாள்கூட முகம் சுளிக்காத மனுஷன் ஷர்மிளா. அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவர் நேரே பாஷா அண்ணனிடம் போய் நிற்பார், அங்கிருந்து வாணியம்பாடிக்குப் போகும். சொல்லவில்லை.

மாதா சபையில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். சுரூபத்துக்குப் பூ வைக்கிற முறை இப்போது வேறொருத்திக்கு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் சுவாமி என்றேன். என்ன பொய் என்று கேட்டார். ஒருத்தி குற்றத்தை இன்னொருத்தி மேல் போட்டேன் என்றேன். அது நான் ஜஹீதாவுக்குச் செய்தது. மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆக, ஈஸ்டருக்கு நானும் நன்மை வாங்கவில்லை. கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். யாரும் பக்கத்தில் வந்து இன்னா ஆச்சு என்று கேட்கவில்லை. நீ எழுதியது சரிதான். அந்த ஒன்றுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்ற எதற்கும் கேட்கமாட்டேன்.

இன்னும் ஒன்று.

போன வாரம் சென்னைக்குப் போய் 'கரைமேடு' ஆசிரியரைப் பார்த்தேன். வயதானவர், ஒரே ரூம், ஃபேன்கூட ஓடவில்லை. எழுந்து கும்பிட்டார். "கட்டுரையெல்லாம் டைப் செய்து தபாலில் வரும். பதில் எல்லாம் ஒரு ஜெராக்ஸ் கடை விலாசத்துக்குப் போகும். ஆற்றோரத்தாள் யார் என்று எனக்கே தெரியாதும்மா," என்றார். ஆற்றோரத்தாள் நான்தான் என்றேன். ஐந்து கட்டுரையும் எனக்கு மனப்பாடம். நிறுத்தாமல் சொன்னேன். அவர் கண்கலங்கிவிட்டார். நீ போடச் சொன்ன கட்டத்தை அச்சுக்குக் கொடுத்திருந்தார். வேண்டாம், பயத்தில் அப்படி எழுதிவிட்டேன், எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். இனி என் பெயரும் ஊரும் போட்டே வரட்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

இல்லை, எழுதியது நான்தான் என்று நீ அவருக்கு எழுதலாம். யாரும் தடுக்கவில்லை. பெயரைப் போட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எழுதமாட்டாய். அதனால் அந்தப் பெயரை நான் வைத்துக்கொண்டேன். உனக்குத் தூக்கம் கொடுத்தது அது ஒன்றுதான் என்று தெரிந்துதான் எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது கட்டுரையை என் கையாலேயே எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு தங்கையைப் பற்றியது. அவள் பெயரை எழுதவில்லை. மே இதழில் வரும். உன் பள்ளிக்கூட நூலகத்துக்கும் போகிறதாம். ஆசிரியர்தான் சொன்னார்.

சவுரியம்மாள்